காவல் என்னும் சொல்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பத்து ஆண்டுகள் ஓர் இலக்கிய வட்டம் தொய்வின்றி நடைபெறுவது எளிய செயலன்று. தம் கவிதையைப் படிக்க வருவோர் பலர். பிறர் கவிதையைக் கேட்க அமர்ந்திருப்போர் சிலர். அந்தச் சிலரைத் திங்கள்தோறும் கூட்டி வைத்த பெருமை இவ்வட்டத்துக்கு உண்டு. இவ்விழாவில் அயல்நாட்டு அனுபவமும் தமிழ் எழுத்தும் என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். கடல் போன்ற பொருள் அது. அதிலிருந்து ஒரு கை நீரை மட்டும் அள்ளிக் கொள்கின்றேன். அயல்நாடு செல்லும் தமிழர் அங்குள்ள காவலரைக் கண்டு அடையும் வியப்பும், அந்த வியப்பு நம்மைப் பற்றி நமக்குச் சொல்லும் செய்தியுமே என் உரையின் எல்லை.

சோறு உண்ண மறுக்கும் குழந்தையை நம் வீடுகளில் எவ்வாறு அச்சுறுத்துகின்றோம்? முதலில் பூச்சாண்டி வருவான். பூச்சாண்டிக்குக் குழந்தை பழகிப் போனால் அடுத்து வருபவர் போலீசுக்காரர். 'பிடித்துக் கொடுத்து விடுவேன்' என்ற ஒரு சொல்லில் அழுகை நின்று விடுகிறது. எழுத்தறிவதற்கு முன்பே நம் பிள்ளைகள் கற்கும் அரசியல் பாடம் இது. இப்படி வளர்ந்த பிள்ளை பின்னாளில் படிப்புக்கோ பணிக்கோ கடல் கடந்து செல்கிறது. அங்கே ஒரு தாய் தன் குழந்தையிடம், 'வழி தவறி விட்டால் சீருடை அணிந்த காவலரிடம் போய்ச் சொல்' என்று கற்பிப்பதைக் கேட்கிறது. உணவு, உடை, குளிர் ஆகியவற்றால் நேரும் அதிர்ச்சியை விட இது ஆழமானது.

சப்பான் நாட்டை எடுத்துக் கொள்வோம். அங்கே தெருமுனைகளிலும் தொடர்வண்டி நிலைய வாயில்களிலும் 'கோபன்' எனப்படும் சிறு காவற்கூடங்கள் உள்ளன. தோக்கியோ நகரக் காவல்துறை தோன்றிய 1874-ஆம் ஆண்டிலேயே இவற்றுக்கு வித்திடப்பட்டது. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 6,000 கோபன்கள் இயங்குகின்றன. சிற்றூர்களில் காவலர் தம் குடும்பத்தோடு குடியிருக்கும் காவல் இல்லங்கள் வேறு உண்டு. கோபனுக்கு மக்கள் பெரும்பாலும் எதற்காகச் செல்கின்றார்கள்? வழி கேட்க, தொலைத்த குடையைத் தேட, கண்டெடுத்த பணப்பையை ஒப்படைக்க. அக்காவலர் தம் எல்லைக்குட்பட்ட வீடுகளுக்கும் கடைகளுக்கும் சென்று அறிமுகம் செய்து கொள்வதும் அவர் கடமைகளுள் ஒன்று. நம் ஊரில் காவலர் ஒருவர் வீட்டு வாசலில் வந்து நின்றால் எதிர்வீட்டுச் சன்னல்கள் எப்படித் திறக்கும், எத்தனை நாள் அந்தக் குடும்பம் விளக்கம் சொல்லிக் கொண்டிருக்க வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். வியப்பின் அளவு விளங்கும்.

இவ்வகை வியப்புக்குப் பண்பாட்டு அதிர்ச்சி என்று பெயர். காலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் அறிஞர் 1954-இல் ரியோ டி செனீரோ நகரில் ஆற்றிய உரையால் அத்தொடர் பரவலாயிற்று. அவர் அதனைப் படிநிலைகளாகப் பகுத்தார். வந்த புதிதில் எல்லாம் இனிக்கும் தேன்நிலவுப் பருவம் முதல் நிலை. பிறகு எரிச்சலும் வெறுப்பும் தோன்றும். அதன் பிறகே மெல்ல மெல்லத் தெளிவு பிறக்கும். நம் பயண எழுத்துகளில் பெரும்பாலானவை தேன்நிலவிலேயே நின்று விடுகின்றன. 'அங்கே காவலர் புன்னகை செய்கிறார்' என்று தொடங்கும் கட்டுரை, 'நம் மக்களுக்கு அந்த ஒழுங்கு எப்போது வரும்?' என்ற பெருமூச்சில் முடிகிறது. கவிதைகளிலும் இந்தப் பெருமூச்சைக் கேட்கின்றோம். அவர்கள் இயல்பிலேயே நேர்மையர், நாம் இயல்பிலேயே அஞ்சுபவர் என்ற முடிவு அதற்குள் ஒளிந்திருக்கிறது. அந்த முடிவு சரிதானா என்பதே இன்று நான் ஆராய விரும்புவது.

கண்டெடுத்த பணப்பையையே மீண்டும் நோக்குவோம். சப்பானியரின் நேர்மை போற்றத்தக்கது, ஐயமில்லை. ஆனால் அந்த நேர்மைக்குத் துணையாக ஒரு சட்டம் நிற்கிறது. ஒப்படைத்தவர் அப்பொருளின் மதிப்பில் 5 முதல் 20 விழுக்காடு வரை கைம்மாறு கோரலாம். மூன்று திங்களில் உரியவர் வராவிட்டால் பெரும்பாலான பொருள்கள் கண்டெடுத்தவருக்கே உரியனவாகும். ஒப்படைக்கும் இடம் நடந்து போகும் தொலைவில் இருக்கிறது. ஒப்படைக்கச் சென்றவரையே திருடனாக எண்ணி உட்கார வைக்கும் வழக்கம் இல்லை. நம் ஊரில் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கி மருத்துவமனையில் சேர்க்கத் தயங்குவோர் உள்ளத்தில் இரக்கம் இல்லாமல் இல்லை. 'பிறகு யார் அலைவது?' என்ற கேள்விதான் அவர்கள் கைகளைக் கட்டுகிறது. நற்செயல் செய்தவரைக் காவல்துறை துன்புறுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றமே 2016-இல் நெறிமுறைகளுக்கு ஆணையிட வேண்டியிருந்தது.

அடுத்து இங்கிலாந்து. படைக்கலம் ஏந்தாத காவலர், நீலச் சட்டை, உயர்ந்த தொப்பி, வழி சொல்லும் பொறுமை என்பதே இலண்டன் பற்றி நம்மவர் தீட்டும் ஓவியம். ராபர்ட் பீல் உள்துறை அமைச்சராக இருந்தபோது 1829-இல் இலண்டன் பெருநகரக் காவல்துறை தோன்றியது. அந்நாளில் மக்கள் அதனை மலர் தூவி வரவேற்றார்களா? இல்லை. 'நீலப் பிசாசுகள்' என்று ஏசினார்கள். அரசு தம்மை உளவு பார்க்கவே இப்படையை ஏவியது என்று நம்பினார்கள். 1833-இல் கோல்ட்பாத் பீல்ட்சு என்னும் இடத்தில் நடந்த கூட்டத்தைக் காவலர்கள் கலைத்தபோது காவலர் ஒருவர் குத்திக் கொல்லப்பட்டார். சாவு விசாரணைக்கு அமர்ந்த பொதுமக்கள் குழு, அது நியாயமான கொலையே என்று தீர்ப்பளித்தது. மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. ஆனால் ஊரார் அக்குழுவினரைக் கொண்டாடினார்கள். இன்று நாம் வியக்கும் அந்த மக்களின் பாட்டன்மார் காவலரை எந்த அளவு வெறுத்தார்கள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அந்த வெறுப்பைத் தணிக்க அவர்கள் என்ன செய்தார்கள்? படைவீரரின் சிவப்பு உடையிலிருந்து வேறுபடுத்திக் காட்ட நீல உடை தந்தார்கள். துப்பாக்கிக்கு மாறாகக் கைத்தடி ஒன்றையே பெரும்பாலும் தந்தார்கள். ஒவ்வொரு காவலரின் கழுத்துப் பட்டையிலும் எண்ணைப் பொறித்தார்கள். தவறிழைத்தவர் எவர் என்று தெருவில் நிற்கும் எளியவரும் சுட்டிச் சொல்ல அந்த எண் போதும். வெறுப்பு நம்பிக்கையாக மாறப் பல தலைமுறைகள் ஆயின.

அதே ஆங்கிலேயர் நமக்கு எதைத் தந்தார்கள்? பீல் இலண்டனுக்கு முன்பே அயர்லாந்தில் வேறொரு படைக்கு அடிகோலியிருந்தார். அங்கு வளர்ந்த காவற்படை ஆயுதம் தாங்கியது, பாளையங்களில் தங்கியது, மக்களை விட்டு விலகி நின்றது. அடக்கி ஆள வேண்டிய நாட்டுக்கு அதுவே ஏற்றது என்று கருதினார்கள். 1843-இல் சிந்து மாநிலத்தைக் கைப்பற்றிய நேப்பியர் அந்த அயர்லாந்து முறையை அங்கே நட்டார். சென்னை மாகாணத்துக்கு 1859-இல் தனிக் காவற்சட்டம் வந்தது. 1857 எழுச்சியின் சூடு ஆறுமுன் 1861-இல் பொதுவான இந்தியக் காவற்சட்டம் இயற்றப்பட்டது. இலண்டனில் காவலர் எண் அணிந்தது குடிமகன் அவரை அடையாளம் காண்பதற்காக. இங்கே அடையாளம் காணப்பட வேண்டியவர்கள் குடிமக்களாக இருந்தார்கள்.

அதற்கு முன்பும் இம்மண்ணில் நிலைமை நன்றாக இருந்தது என்று நான் சொல்லவில்லை. சென்னை மாகாணத்தில் வரி தண்டுவதற்காகவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைப்பதற்காகவும் நடந்த சித்திரவதைகளை ஆராய ஒரு குழு அமைக்கப்பட்டு, அதன் அறிக்கை 1855-இல் வெளிவந்தது. தமிழ் படிப்போர் கட்டாயம் காண வேண்டிய ஆவணம் அது. ஆங்கில அறிக்கைக்குள் நம் சொற்கள் இரண்டு ஆங்கில எழுத்தில் கிடக்கின்றன. ஒன்று கிட்டி, விரல்களையும் உறுப்புகளையும் இடையிலிட்டு நெருக்கும் மரக் கருவி. மற்றொன்று அண்ணாந்தாள்; உடலை வளைத்துக் கட்டிப் பலமணி நேரம் நிறுத்தி வைக்கும் தண்டனை. நம் அகராதியும் இவற்றை மறக்கவில்லை. வரி தண்டும் அதிகாரமும் காவல் அதிகாரமும் ஒரே கையில் இருந்ததே இக்கொடுமைக்குக் காரணங்களுள் ஒன்று என்று குழு கண்டது. நியூயார்க் நகர நாளிதழ் ஒன்றில் 1857-இல் காரல் மார்க்சு இவ்வறிக்கை பற்றி எழுதினார். கிட்டி உலகறிந்த செய்தி ஆயிற்று.

பின்னர்க் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1871-இல் வடநாட்டில் தொடங்கி, 1911-இல் திருத்தப்பட்ட சட்டத்தின் வழியே நம் மாகாணத்திலும் அது கால் ஊன்றியது. பிறப்பே குற்றம் என்று கருதப்பட்ட மக்கள் தம் கைரேகையைப் பதிவு செய்து, காவலர் குறித்த இடத்தில் வந்து நிற்க வேண்டும். மக்கள் அதனை ரேகைச் சட்டம் என்றார்கள். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் அச்சட்டத்தை எதிர்த்து நின்றவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. பதினாறு உயிர்கள் பறிபோயின. அந்த ஊரில் ஒரு தாய் தன் பிள்ளையைப் போலீசின் பெயர் சொல்லி அச்சுறுத்தினாள் என்றால், அதனை அறியாமை என்று நாம் சொல்லத் துணிவோமா? அவள் சொன்னது வரலாறு.

ஆட்சியாளருக்கும் இது தெரிந்தே இருந்தது. 1902-இல் அமர்த்தப்பட்ட பிரேசர் ஆணையம், காவல்துறை ஊழலும் கொடுமையும் மலிந்ததாகக் கருதப்படுகிறது என்றும், மக்களின் நம்பிக்கையைப் பெற அது அடியோடு தவறிவிட்டது என்றும் அரசுக்கே எழுதிக் கொடுத்தது. அதற்கு முன்பே 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம், காவல் அலுவலரிடம் அளிக்கும் குற்ற ஒப்புதலை மெய்ப்பிக்க இடம் தருவதில்லை என்று வரையறுத்திருந்தது. இங்கிலாந்தில் இப்படியொரு தடை இல்லை. தான் படைத்த காவலரைத் தானே நம்பாமல் சட்டம் எழுதியது ஆங்கில அரசு. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் அந்த விதி தொடர்கிறது. சட்டமே நம்பாத ஒரு துறையை ஏழைத் தமிழன் நம்பவில்லை என்றால், அவனுக்குக் குடிமைப் பண்பு போதாது என்று நாம் இகழ்வது எவ்வகையில் முறையாகும்?

கவிஞர் பெருமக்களே! இந்த வரலாறெல்லாம் நூலகத்தில் மட்டும் இல்லை. நம் நாவில் இருக்கிறது. சொற்களின் பொருள் எவ்வாறு திரிந்தது என்று சற்றே பாருங்கள்.

'வீட்டில் அனைவரையும் விசாரித்ததாகச் சொல்லவும்' என்று கடிதத்தை முடித்த மக்கள் நாம். விசாரித்தல் என்றால் நலம் கேட்டல். அதே சொல் 'விசாரணைக்கு அழைத்துச் சென்றார்கள்' என்னும் தொடரில் அமர்ந்தவுடன் கேட்பவர் வயிற்றைக் கலக்குகிறது. விருந்தினரை நன்கு கவனித்தார்கள் என்றால் உபசரித்தார்கள் என்பது பொருள். காவல் நிலையத்தில் நன்கு கவனித்தார்கள் என்றால் அடித்தார்கள் என்பது பொருள். நாம் அவர்களைக் கவனித்தோம் என்றால் கையூட்டுத் தந்தோம் என்பது பொருள். மாமூல் என்னும் அரபுச் சொல்லுக்கு வழக்கமானது என்பதே நேர்ப்பொருள். இன்று அது வாராவாரம் வாங்கும் காசு. லாடம் என்பது மாட்டின் குளம்புக்கு உரியது. அது மனிதப் பாதத்துக்கும் வந்தது. சிறைக்கு மாமியார் வீடு என்று பெயரிட்டுச் சிரித்துத் தேற்றிக் கொண்டோம். எல்லாவற்றுக்கும் மேலாகக் காவல் என்னும் சொல்லே இரண்டாகப் பிளந்தது. வயலுக்குக் காவல் என்றால் பாதுகாப்பு. 'காவலில் இருந்தபோது இறந்தார்' என்றால் அந்தப் பாதுகாப்பு எங்கே போயிற்று?

அச்சொல்லுக்கு ஒரு காலத்தில் வேறு உள்ளடக்கம் இருந்தது. பாடிகாவல் என்னும் ஊர்க்காவல் வரியை இடைக்காலக் கல்வெட்டுகளில் காண்கின்றோம். தென்மாவட்டங்களில் நிலவிய காவல் முறையில், களவு போன பொருளைக் காவல்காரர் மீட்டுத் தர வேண்டும். இயலாவிட்டால் ஈடு செய்ய வேண்டும். அம்முறை மிரட்டலுக்கும் இடம் தந்தது. சாதி ஆதிக்கத்துக்கும் துணை போயிற்று. ஆகவே அதனை மீண்டும் கொணர வேண்டும் என்று எவரும் சொல்ல மாட்டார். ஆயினும் காப்பவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்னும் கருத்து அதற்குள் இருந்தது. கூலியை மட்டும் வைத்துக் கொண்டு அந்தக் கருத்தைக் காலம் எறிந்து விட்டது.

இனி, அயல்நாட்டு வியப்பின் இரண்டாம் பகுதிக்கு வருகின்றேன். தேன்நிலவைக் கடந்து அங்கே வாழத் தொடங்கியவர் இன்னொன்றையும் காண்பார். சப்பானில் குற்றம் சாட்டும் முன்பே ஒருவரை 23 நாள் வரை காவலில் வைக்கலாம். ஒப்புதல் வாக்குமூலத்துக்கு அங்கே தரப்படும் இடம் பெரிது. இவாவோ அக்கமாதா என்னும் குத்துச்சண்டை வீரர் 1966-இல் கைதாகி, நாள்தோறும் நடந்த நெடிய விசாரணைக்குப் பின் குற்றத்தை ஒப்புக் கொண்டார். நீதிமன்றத்தில் அதனை மறுத்தார். 1968-இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2014-இல் வெளியே வந்தார். 2024 செப்டம்பரில்தான் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பாயிற்று. புலனாய்வாளர்கள் சான்றுகளைப் புனைந்தார்கள் என்று நீதிமன்றம் சொன்னது. அப்போது அவருக்கு அகவை 88. குடையைத் திருப்பித் தரும் அதே துறை ஒரு மனிதரின் வாழ்நாளைத் திருப்பித் தர இயலாமல் நின்றது.

இலண்டனிலும் அப்படியே. 1993-இல் ஸ்டீபன் லாரன்சு என்னும் கறுப்பின இளைஞர் பேருந்து நிறுத்தத்தில் வெள்ளை இன வெறியரால் கொல்லப்பட்டார். அக்கொலையின் புலனாய்வை ஆராய்ந்த மெக்பர்சன் அறிக்கை 1999-இல் வெளிவந்தது. நிறுவனமாகவே காவல்துறையில் நிறவெறி ஊறியிருந்தது என்று அது கூறியது. 2021-இல் பணியிலிருந்த காவலர் ஒருவரே தம் அடையாள அட்டையைக் காட்டி, கைது செய்வதாக ஏமாற்றி, ஓர் இளம்பெண்ணைக் கடத்திக் கொன்றார். தனியே வரும் காவலர் மீது ஐயம் தோன்றினால் போகிற பேருந்தைக் கை காட்டி நிறுத்துங்கள் என்னும் அளவுக்கு அத்துறை பெண்களுக்கு அறிவுரை சொன்னது. 2023-இல் வெளிவந்த கேசி அறிக்கை, நிறவெறியோடு பெண் வெறுப்பும் அத்துறையில் நிறுவனமாகவே ஊறியுள்ளது என்றது. ஓவியத்தில் இருந்த புன்னகைக் காவலர் எல்லோரையும் பார்த்து ஒரே மாதிரி புன்னகை செய்யவில்லை என்பது அந்நாட்டுக் கறுப்பினத்தவருக்கும் பெண்களுக்கும் முன்பே தெரியும்.

நம்மவரில் ஒரு பகுதியினர் அயல்நாட்டுக்குச் சுற்றுலாவாகச் சென்றவர்கள் அல்லர், ஓடிச் சென்றவர்கள். ஈழத்தமிழரைக் குறிப்பிடுகின்றேன். 1974 சனவரி 10-ஆம் நாள் யாழ்ப்பாணத்தில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் நிறைவு நிகழ்ச்சியில் கூடியிருந்த மக்களிடையே காவலர் புகுந்து தாக்கினர். அன்றைய குழப்பத்தில் ஒன்பது உயிர்கள் பறிபோயின. தமிழைக் கேட்க வந்து உயிரிழந்தவர்கள் அவர்கள். 1981-இல், மே முடிந்து சூன் பிறக்கும் வேளையில், யாழ்ப்பாணப் பொது நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிந்தது. எரித்தவருள் காவலரும் இருந்தனர். எம்.ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை' அந்த நெருப்பில் பிறந்த கவிதை என்பதை இவ்வவை அறியும். 1979-ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டமோ, உதவிக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலர் பெறும் ஒப்புதலை நீதிமன்றத்தில் சான்றாக ஏற்க வழி செய்தது.

இந்த நினைவுகளோடு இலண்டனிலும் டொராண்டோவிலும் இறங்கிய ஒருவர் முதலில் சந்தித்தவர் யார்? சீருடை அணிந்த அலுவலர். தம் ஊரில் சீருடை தமக்குச் செய்த கொடுமையை இன்னொரு சீருடையின் முன் அமர்ந்து, மொழிபெயர்ப்பாளர் வழியே, நாள் தவறாமல், முன்னுக்குப் பின் முரணாகாமல் சொல்ல வேண்டும். நம்பப்பட்டால் வாழ்வு. அச்சத்தில் ஒரு தேதி மாறினால் அதுவே ஐயத்துக்குக் காரணம். பண்பாட்டு அதிர்ச்சி பற்றிய நூல்கள் இந்நிலைக்கு ஒரு படியும் வகுக்கவில்லை.

கடல் கடந்தால்தான் அயல்மண் என்பதும் இல்லை. கோவையைச் சேர்ந்த தானியோட்டுநர் மு. சந்திரகுமார், ஆந்திரத்தின் குண்டூரில் மொழி தெரியாத இளைஞராகக் காவலில் பட்ட துன்பத்தை 'லாக்கப்' என்னும் நூலாக எழுதினார். 2015-இல் வெற்றிமாறன் அதனை 'விசாரணை' என்னும் திரைப்படமாக்கினார். நான் சற்று முன் சொன்ன சொல்லே அதன் தலைப்பு.

இருண்ட படங்களையே காட்டி முடிப்பது முறையாகாது. நம்பிக்கையை வளர்க்க நம் நாட்டில் முயற்சிகள் நடக்கவில்லையா? நடந்துள்ளன. 1992-இல் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் சென்னையில் தொடங்கப்பட்டது. வாய் திறவாமல் அடி வாங்கிய பெண்கள் பலர் படியேறிச் சென்று முறையிட அது வழி திறந்தது. 1996-இல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம், கைது செய்யும் காவலர் தெளிவான பெயர்ப் பட்டை அணிய வேண்டும், உறவினருக்குச் செய்தி சொல்ல வேண்டும், மருத்துவ ஆய்வு நடத்த வேண்டும் என்று ஆணையிட்டது. இலண்டன் கழுத்துப் பட்டையில் பொறித்த எண் நம்மிடம் வந்து சேர 167 ஆண்டுகள் பிடித்தன. பெண்களையும் அறுபது வயதைக் கடந்த ஆண்களையும் சாட்சியம் கேட்கக் காவல் நிலையத்துக்கு வரவழைக்கலாகாது, அவர்கள் இருப்பிடத்துக்கே செல்ல வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் தாய்மார்களில் எத்தனை பேர் இதனை அறிவார்கள்? புகார் கொடுக்கப் போகுமுன் 'அங்கே தெரிந்தவர் எவராவது உண்டா?' என்று கேட்பதுதான் இன்றும் நாம் அறிந்த முதல் விதி.

தமிழ் இலக்கியம் காவலர் பற்றி இரண்டு சித்திரங்களைத் தந்திருக்கிறது. இரண்டும் மதுரைக்கு உரியவை. மதுரைக்காஞ்சியில் மாங்குடி மருதனார் காட்டும் ஊர்காப்பாளர், மழை பெய்து தெருவில் நீர் ஓடும் நள்ளிரவிலும் சோர்வின்றிச் சுற்றி வருகிறார்கள். அவர்கள் விழித்திருப்பதால் நகரம் உறங்குகிறது. சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டும் காவலர், பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டு, விசாரணை இன்றிக் கோவலனை வெட்டுகிறார்கள். ஆனால் அடிகள் அங்கே ஒரு நுட்பமான செய்தியை வைத்திருக்கிறார். கோவலனைக் கண்ட காவலருள் ஒருவர், இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று தயங்குகிறார். அந்தத் தயக்கத்தைப் பொற்கொல்லன் பேசிப் பேசிக் கரைக்கிறான். முடிவில் கல்லாத குடியன் ஒருவனின் வாள் எல்லாவற்றையும் முடித்து விடுகிறது. பழி அந்தக் குடியனோடு நிற்கவில்லை. அரசன் வரை சென்றது.

2020 சூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு உயிரிழந்தபோது, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானே முன்வந்து வழக்கை எடுத்தது. நடுவர் விசாரிக்கச் சென்றார். அந்த நிலையத்தில் பணியாற்றிய தலைமைக் காவலரான ஒரு பெண்மணி, தம்மோடு பணியாற்றியவர்கள் வெளியே நிற்கும்போதே, இரவெல்லாம் நடந்ததை நடுவரிடம் சொன்னார். சிலம்பில் தயங்கிய அந்தப் பெயரற்ற காவலர் வாய் திறந்து உறுதியாகப் பேசியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பதை அன்று நாம் கண்டோம். கோபனின் ஒழுங்கை விட, பீலின் நீலச் சட்டையை விட, நான் நம் காவல்துறையில் நம்பிக்கை வைக்க எனக்குக் கிடைத்த பெரிய காரணம் அவர்தாம். அவரைப் பற்றி எத்தனை கவிதைகள் எழுந்தன?

ஆகவே இவ்வவையிடம் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றேன். அயல்நாட்டைப் பற்றி எழுதும்போது முதல் வாரத்தின் வியப்போடு ஏட்டை மூடிவிடாதீர்கள். அந்தப் புன்னகைக்குப் பின்னால் எந்தச் சட்டம் நிற்கிறது, எத்தனை ஆண்டுப் போராட்டம் நிற்கிறது, அந்தப் புன்னகை எவருக்கு மறுக்கப்படுகிறது என்று கேளுங்கள். அச்சம் நம் குருதியில் இருப்பதாக எழுதி நம் மக்களை மேலும் ஒருமுறை குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

இரண்டாவது, சொற்களைக் காத்து நில்லுங்கள். விசாரணை, கவனிப்பு, காவல் ஆகிய சொற்கள் கவிதையில் வரும்போது அவற்றின் இரண்டு பொருள்களும் கேட்கட்டும். இழந்து போன பொருளும் கேட்கட்டும். சட்டத்தை மாற்றுவது மன்றங்களின் பணி. ஒரு சொல் எதை இழந்தது என்று நினைவூட்டுவது கவிஞர் பணி.

'வழி தவறினால் காவலரிடம் போ' என்று நம் தாய்மார் தம் குழந்தைகளுக்கு அச்சமின்றிச் சொல்லும் நாள், தாய்மார் மாறுவதால் மட்டும் வந்து விடாது. அவர்கள் சொல்லை மெய்யாக்கும் காவல் நிலையம் முதலில் அமைய வேண்டும். அதுவரை அவர்கள் அச்சத்தை நான் குறை கூற மாட்டேன்.